தறி இருந்த கூடம்

தாராசுரத்து நெசவாளர் தெருக்களில் வீடு கட்டியவர்கள் முதலில் தறியை நினைத்துத்தான் கூடத்தை அளந்தார்கள். யார் எங்கே உட்காருவது, யார் எங்கே படுப்பது என்பதெல்லாம் தறிக்குப் போக மிஞ்சிய இடத்தில் தானாகத் தீர்ந்துகொள்ளும். ஐராவதேசுவரர் கோவிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் எங்கள் தெருவும் அப்படித்தான். ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகள். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். திண்ணை, நடை, கூடம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கிணற்றடி. வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவோம், வாசலுக்கு வந்தால் தமிழ். இங்கே வரும் பேச்செல்லாம் அந்த வீட்டுப் பேச்சை நான் தமிழில் எழுதியது.

கூடத்தில் கிழக்குப் பாதி தறிக்கு. தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் பலகை போட்டிருக்கும். அப்பா அதில் உட்கார்ந்தால் கால் இரண்டும் குழிக்குள் மிதிகட்டைமேல் இருக்கும். மடிக்கு முன்னால் நெய்த துணி சுருளும் படைமரம். அதற்கு அப்பால் அச்சும் விழுதும். அதற்கும் அப்பால் எதிர்ச்சுவர்வரை இழுத்துக் கட்டிய நெடுக்கிழைகள், அதாவது பாவு. தலைக்குமேல் ஜக்கார்டு பெட்டி, அதில் கோத்துத் தொங்கும் துளை போட்ட அட்டைகள். அந்தப் பெட்டி நிற்பதற்காகத்தான் கூடத்துக்கு அத்தனை உயரம். நெய்கிற இடத்தில் வெளிச்சம் விழுவதற்காகத்தான் கூரையில் கண்ணாடி ஓடு. பட்டிழை வறண்டால் அறுந்துபோகும். மண்குழியின் ஈரம் அதை இளக்கமாக வைத்திருக்கும். அதனால் தறியடியில் மட்டும் சிமெண்டு பூசாமல் விட்டிருந்தார்கள். அதே ஈரம் ஐப்பசி, கார்த்திகையில் பகையாகிவிடும். அடைமழை பிடித்தால் குழியில் நீர் ஊறும். வாளியால் மொண்டு ஊற்றிவிட்டு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது.

பாவு ஏற்றிவிட்டால் மூன்று நான்கு புடவை நெய்து முடியும்வரை தறியை அசைக்க முடியாது. தீபாவளி வந்தாலும், கல்யாணம் வந்தாலும், சாவு விழுந்தாலும் தறி நின்ற இடத்தில் நிற்கும். மற்றதெல்லாம் அதைச் சுற்றி நகரும். பாட்டியின் உடலைக் கிடத்தியபோது தலைமாட்டுக்கும் பாவுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற வழிதான் இருந்தது. வந்தவர்கள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இழையில் இடிக்காமல் ஒருக்களித்து நடந்தார்கள். அழுதுகொண்டே வந்த பெண்களும் அப்படித்தான் நடந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரவர் வீட்டிலும் தறி இருந்தது.

மேற்குப் பாதியில்தான் நாங்கள் வாழ்ந்தோம். ஒரு நீள பெஞ்சு. துணி போட்ட ஈசிச்சேர் ஒன்று, தாத்தாவுக்கு. மூலையில் நிறுத்தி வைத்த பாய்ச்சுருள்கள். கொள்ளிடத்துக்குப் பக்கத்துத் தைக்காலிலிருந்து வந்த கோரைப்பாய்கள் அவை. சுவரில் அடித்த பலகைமேல் ரேடியோ, அதற்கு அத்தை பின்னிய நூல் உறை. பகல் முழுக்க இலங்கை வானொலி பாடும்; தறிச் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்பதால் எங்கள் தெருவில் எல்லா வீட்டு ரேடியோவும் உரக்கத்தான் பாடும். அம்மாவின் சீராக வந்த பச்சை நிற இரும்பு பீரோவும் கூடத்தில்தான். அதன் கதவில் பதித்திருந்த கண்ணாடிதான் வீட்டில் ஆள் உயரத்துக்கு இருந்த ஒரே கண்ணாடி. பீரோவை அடுத்து நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. இவ்வளவுதான் அறைகலன்கள். ராட்டையும் தார்க்கூடையும் பெஞ்சுக்கு அடியில் போய்விடும்.

அலங்காரம் என்று எதையாவது சொல்வதென்றால், சுவரில் இருந்த படங்களைச் சொல்ல வேண்டும். கூரைக்குச் சற்றுக் கீழே மூன்று பக்கமும் வரிசையாகச் சட்டம் போட்ட படங்கள். கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த நாட்காட்டிச் சாமிகள் பாதி. 1976இல் அவர் காலமானதற்குப் பிறகும் பல வருடம் அந்த முருகனும் மீனாட்சியும் தீபாவளிக்குத் தீபாவளி கடைக்காரர்கள் கையால் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வருடம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தைக் கும்பகோணத்தில் கொடுத்துச் சட்டம் போட்டுவிடுவார் அப்பா. மீதிப் பாதி குடும்பப் படங்கள். எல்லாமே நேராகத் தொங்காமல் முன்பக்கம் சாய்ந்திருக்கும். கீழே இரண்டு ஆணியில் உட்கார்ந்து, மேலே கயிற்றில் தொங்கும். தரையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் கண்ணுக்கு நேராக முகம் தெரிய வேண்டும் என்றால் படம் குனிந்துதான் ஆக வேண்டும். அந்தச் சாய்வுக்குப் பின்னால் கிடைத்த முக்கோண இடத்தில் குருவிகள் கூடு கட்டும். வைக்கோல் துரும்பு பாவின்மேல் விழுந்தால் அப்பா நெய்வதை நிறுத்திப் பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி நெய்வார். கூட்டைக் கலைத்து நான் பார்த்ததில்லை.

சுவரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். போகிக்கு முன்னால் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தால் பொங்கலுக்குக் கூடம் புதிதாக இருக்கும். மாசி வருவதற்குள் சுவரில் எண்ணெய்க் கறைகள் திரும்பிவிடும். தாத்தா தலை சாய்க்கும் இடத்தில் ஒன்று, நூல் இழைத்துக்கொண்டே பாட்டி சாய்ந்த இடத்தில் கொஞ்சம் தாழ ஒன்று, பாவு பிணைக்க வரும் எதிர்வீட்டு அத்தைக்கு ஒன்று. பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்கிற வேலை அவருடையது. ஆயிரக்கணக்கான இழைகள். அவர் வந்தால் காலையிலிருந்து மாலைவரை இருப்பார், சாப்பாடும் எங்களோடுதான். தாத்தாவைத் தவிர யாருக்கும் நாற்காலி கிடையாது, ஆனால் எல்லோருக்கும் இடம் உண்டு. அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், உரியவர் வந்ததும் பேசாமல் நகர்ந்துகொள்வார்கள்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தது 1979இல். மாப்பிள்ளை மதுரைக்காரர், வங்கியில் வேலை. "வங்கி வேலைக்காரங்க தரையில உக்காருவாங்களா?" என்று அத்தை கேட்டது வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. தெருவில் மூன்று வீடுகளிலிருந்து இரும்பு மடக்கு நாற்காலிகளும் ஒயர் நாற்காலிகளும் வந்தன. தறிதான் பிரச்சினை. அதை எங்கே கொண்டுபோவது? கடைசியில் புது வேட்டிகள் இரண்டைப் பிரித்துப் பாவின்மேலும் படைமரத்தின்மேலும் போர்த்தினார்கள். நாற்காலிகள் மேற்குச் சுவரோரம் வரிசையாக நின்றன. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், பேச்சு எழும்பவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்துபோய் வேட்டியின் ஓரத்தைத் தூக்கினார். "தறியில என்ன ஓடுதுங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை ஓடிக்கொண்டிருந்தது. அவரும் மதுரையில் தறிவீட்டில் பிறந்தவர்தான். வேட்டிகளை மடித்துவைத்துவிட்டுப் பலகையோரமாகத் தரையில் உட்கார்ந்தார். அவரோடு வந்த பெண்களும் இறங்கி உட்கார்ந்தார்கள். கல்யாணப் பேச்சு அங்கேதான் நடந்தது. நாற்காலிகளில் ஆண்கள் மட்டும் இருந்தார்கள்.

இதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த அறையில் இருந்த மிக அழகான பொருளை நாங்கள் மூடி வைத்தோம். விருந்தாளிக்காக இரவல் வாங்கி வைத்தவை அழகு என்று நம்பினோம். அன்று அப்படி நினைக்காத வீடு தெருவில் ஒன்றுகூட இருந்திருக்காது.

பிறகு தொலைக்காட்சி வந்தது. சென்னையில் 1975இலேயே ஒளிபரப்பு தொடங்கிவிட்டாலும் அந்த அலை எங்கள் ஊர்வரை வராது. எங்களுக்கு முதலில் எட்டியது இலங்கைதான். 1982இல் ரூபவாஹினி தொடங்கியதும் டெல்டாவில் வசதியுள்ள வீடுகளின் மாடியில் நீண்ட குழாய்களை நட்டு ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டினார்கள். காற்று திரும்பினால் படம் பனியாகும். ஒரு பையன் மாடியில் குழாயைத் திருப்ப, கூடத்திலிருந்து ஒருவர் "வருது, வருது, போச்சு" என்று கத்துவார். 1987இல் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான் நம் தூர்தர்ஷன் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டிலும் இழுப்புக்கதவு போட்ட டயனோரா பெட்டி ஒன்று வந்தது. அதை எங்கே வைப்பது? எல்லோரும் பார்க்கிற மாதிரி இருந்த ஒரே சுவர் கிழக்குச் சுவர். அது பாவு கட்டிய சுவர். அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தார்கள். ஆட்கள் உட்காரும் திசை அன்றைக்கு மாறியது. அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். எண்ணெய்க் கறைகள் எதிர்ச்சுவரில் புதிதாக முளைத்தன. அப்பா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நெய்தபடி ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை படத்தில் எந்த இடத்தில் அழ வேண்டும் என்று எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

தறி போனதற்கு ஒரு காரணம் சொல்ல முடியாது. பட்டு விலை ஏறியது, கூலி ஏறவில்லை. விசைத்தறிப் புடவைகள் கைத்தறி என்ற பெயரில் பாதி விலைக்கு வந்தன. அப்பாவுக்கு முழங்காலும் இடுப்பும் விட்டுப்போயின. குழிக்குள் தொங்கி நாற்பது வருடம் மிதித்த கால்கள் அவை. அண்ணன் படித்துக் கும்பகோணத்தில் வேலைக்குப் போனான். 2003இல் கடைசிப் பாவை நெய்து முடித்ததும் அப்பாவே சட்டங்களைக் கழற்றினார். ஜக்கார்டு பெட்டியைத் திருபுவனத்திலிருந்து ஒருவர் வாங்கிப்போனார். சட்டமரங்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. குழியை இரண்டு வண்டி மணல் கொட்டி மூடி, கூடம் முழுக்க வெள்ளை டைல்ஸ் பதித்தோம்.

காலியான கூடத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். இத்தனை பெரிய அறையிலா இருந்தோம் என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். குழந்தைகள் ஓடி விளையாடின. அப்புறம் சோபா வந்தது: மூவருக்கு ஒன்று, ஒருவருக்கு இரண்டு, நடுவே கண்ணாடி மேசை. முழங்கால் மடக்க முடியாத அம்மா அதில் உட்கார்ந்து எழுந்த முதல் நாள், "இதை முன்னாடியே வாங்கியிருக்கலாம்" என்றாள். தரையில் உட்காருவதுதான் நம் பண்பாடு என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு நான் அம்மாவின் முழங்காலைத்தான் பதிலாகச் சொல்வேன்.

ஆனால் சோபா ஐந்து பேருக்குத்தான். ஆறாவது ஆள் வந்தால் யாராவது எழுந்துகொள்ள வேண்டும், அல்லது வந்தவர் நிற்க வேண்டும். பாவு பிணைக்கும் அத்தை கடைசியாக வந்தபோது அம்மா எவ்வளவு சொல்லியும் சோபாவில் உட்காரவில்லை. தரையிலும் உட்கார முடியவில்லை; டைல்ஸ் சில்லிட்டது, எடுத்துப் போட ஒரு பாயும் கீழே இல்லை, பரண்மேல் ஏறிவிட்டிருந்தன. நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.

தறி நின்ற சுவரில் ஷோகேஸ் எழும்பியது. நடுவில் டிவிக்கு இடம், சுற்றிலும் கண்ணாடிக் கதவு. 2006 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் பதினான்கு அங்குலப் பெட்டி தெருவுக்குள் வந்தபோது, டிவி இல்லாத கூடம் என்று ஒன்று இல்லாமலே போனது. அதற்கென்று ஷோகேஸ் செய்ய ஆசாரிகளுக்கு வரிசையாக வேலை. எங்கள் ஷோகேஸில் தஞ்சாவூர்க் கலைத்தட்டு ஒன்று, இன்னும் வெல்வெட் பெட்டியோடு. தலையாட்டி பொம்மை இரண்டு. கிளிஞ்சல் பிள்ளையார். அண்ணன் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள். கோவில் தேர்ச்சக்கரத்தின் வார்ப்பு. தலையாட்டி பொம்மையைக் கொலுவில் வைத்து விளையாடிய காலத்தில் அதன் அடிப்பக்கம் தேய்ந்து வண்ணம் போய்விடும். இப்போதைய ஜோடி வாங்கிய மெருகு குலையாமல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. யாரும் தொடாததால் அதற்குத் தலையாட்ட வாய்ப்பே இல்லை.

படங்கள் என்ன ஆயின? டைல்ஸ் போட்டபோதே இறங்கிவிட்டன. பெயிண்டு அடித்த சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார் பெயிண்டர். சாமிகளைப் பூஜை அலமாரிக்குள் வைத்தாயிற்று. தாத்தா, பாட்டி, அப்பா மூவரும் சுவரோடு ஒட்டினாற்போல நிமிர்ந்து நிற்கிறார்கள். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் பார்வை நம் தலைக்குமேலே போகிறது.

அண்ணன் கடைசியாகச் செய்தது ஃபால்ஸ் சீலிங். கண்ணாடி ஓடுகளை மூடி, வெள்ளைப் பலகை அடித்து, உள்ளே நீல விளக்கு. கூடத்தின் உயரம் மூன்றடிக்கு மேல் இறங்கிவிட்டது. அந்த உயரத்தைக் கேட்ட எங்கள் ஜக்கார்டு பெட்டியின் பூர்வீகம் பிரான்ஸில் உள்ள லியோன் நகரம். ஜோசப் மரி ஜக்கார்டு அங்கேதான் 1804இல் அந்தப் பொறியை உருவாக்கினார். அந்த ஊரில் குருவா ரூஸ் என்ற மேட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டு நெசவாளர்களுக்காகவே கட்டிய அடுக்குவீடுகள் இன்னும் நிற்கின்றன. பெட்டி நிற்க வேண்டும் என்பதற்காகக் கூரை சுமார் நான்கு மீட்டர் உயரம். வெளிச்சத்துக்காகப் பெரிய சன்னல்கள். தறி நின்ற அறையிலேயே பரண் கட்டி அதில் படுத்துக்கொண்டார்கள். தறிகள் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்த உயரத்தையும் சன்னலையும் பரணையும் வைத்தே இப்போது அங்கே வீடுகள் விலைபோகின்றன. அந்தக் கூடத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் எங்கள் உயரத்தைக் காசு கொடுத்து மூடினோம். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "கோடையில ஏசி தங்கணும்ல" என்றான். அதுவும் உண்மைதான். ஓட்டுக்கூரைக் கூடத்தில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் 2012 மின்வெட்டுக் காலத்தில் இருந்த அந்தப் பழைய உயரத்தையும் நான் மறக்கவில்லை. சூடு மேலே போய்விடும், நாங்கள் கீழே படுத்திருப்போம்.

ஐராவதேசுவரர் கோவிலை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1987இல் தஞ்சைப் பெரிய கோவிலுக்குக் கிடைத்த இடம் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் தாராசுரத்துக்கும் நீண்டது. அந்த 2004 எங்கள் தறி இறங்கியதற்கு அடுத்த வருடம். இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய கோவிலையும், கல்தேர் மண்டபத்தையும், அதில் பூட்டிய கல்குதிரைகளையும் பார்த்துவிட்டு வருகிற பயணிகள் தறி பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் தறி மிச்சமுள்ள வீடுகளுக்கு அழைத்துப்போகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வருகிறவர்கள் முதலில் கூரையை நிமிர்ந்து பார்க்கிறார்கள், பிறகு குழியைக் குனிந்து பார்க்கிறார்கள். அடுத்த தெருவில் ஒரு குடும்பம் தறியை நிறுத்தாமல் வைத்திருப்பதற்கு அந்த வருகையும் ஒரு காரணம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்றையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணன் மகளை அங்கே கூட்டிப்போயிருந்தேன். "அத்தை, இவங்க எங்க உக்காந்து டிவி பாப்பாங்க?" என்று கேட்டாள். நான் சொல்லத் தொடங்கியதை முழுக்கக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

அவள்தான் நைஜீரியாவைப் பற்றியும் எனக்குச் சொன்னாள். சித்தப்பா மகன் லாகோஸில் வேலை பார்க்கிறான். அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டு முன்னறையின் படத்தை அனுப்பியிருந்தான். சுவரை ஒட்டி நான்கு பக்கமும் பெரிய சோபாக்கள், மேலே வீட்டுக்காரர் குடும்பத்துப் படங்கள். எத்தனை பேர் வந்தாலும் உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்து ஒழுங்குசெய்த அறை. அதைப் பார்த்துவிட்டு அவள் தேடிப் படித்திருக்கிறாள். நைஜர் ஆற்று டெல்டாவில் புகுமா என்கிற ஊரும் அதைச் சுற்றிய தீவுகளும் கலாபாரி மக்களுடையவை. நம் பக்கத்திலிருந்து, மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில், ஆந்திரக் கரையில் சீராலா வட்டாரத்துத் தறிகளில் நெய்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணி அவர்களுக்கு அவ்வளவு உயர்ந்தது. இன்ஜிரி என்று அழைக்கிறார்கள். பெண்கள் அதன் இழைகளைச் சவரக்கத்தியால் நறுக்கி உருவியெடுத்து, துணிக்குள்ளேயே புதுக்கோலம் உண்டாக்குகிறார்கள். குடும்பத்தில் மூத்தவர் இறந்தால் வீட்டு அறைகளைத் துணிகளால் அலங்கரித்துக் கட்டிலை ஒப்பனை செய்வார்கள். தலைமுறைகளாகப் பெட்டியில் காத்த துணிகள் அன்றைக்கு வெளியே வரும். எந்தக் குடும்பத்திடம் என்ன இருக்கிறது, யார் எதைப் போற்றி வைத்தார்கள் என்பது அந்த அறையைப் பார்த்தால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

பாட்டியைக் கிடத்தியபோது எங்கள் கூடத்தில் பாதி நெய்த புடவை தறியில் நின்றது. அதை அலங்காரம் என்று யாரும் எண்ணவில்லை. கலாபாரி வீட்டில் யாராவது அதைப் பார்த்திருந்தால், இந்தக் குடும்பம் தங்கள் மூத்தவளுக்கு எவ்வளவு பெரிய மரியாதை செய்திருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்களிடம் அப்பா நெய்த ஒரு துண்டு துணிகூட மிச்சமில்லை. அப்பா வாழ்நாளெல்லாம் நெய்தவை எல்லாம் வேறு வீட்டுப் பீரோக்களில் இருக்கின்றன. அம்மாவின் கூறைப்புடவை ஒன்றுதான் உண்டு, அதுவும் தாத்தா நெய்தது.

அக்கா மகன் பெங்களூரில் அடுக்ககத்தில் இருக்கிறான். போன தையில் புதுமனை புகுவிழாவுக்குப் போனோம். கூடத்தில் சோபாவே இல்லை. தரையோடு தாழ்ந்த திண்டுகள், கோரைப்பாய், பித்தளை உருளியில் பூ. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள், மேலிருந்து விளக்கு விழ, மரத்தாலான தறிநாடா இரண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடையில் வாங்கினானாம். கொடுத்த விலையைச் சொன்னான். அப்பா ஒரு மாதம் நெய்து வாங்கிய கூலியைவிட அதிகம். எங்கள் நாடாக்கள் வெந்நீர் அடுப்பில் எரிந்தவை. எனக்கு வருத்தமாக இல்லை, அவன் அதை வாங்கியது பிடித்திருந்தது. அதில் ஒன்று பட்டுக்கு ஓடிய நாடா இல்லை, பருத்திக்கு ஓடியது என்று காட்டிக்கொடுத்தேன்: எடையும் நுனியும் வேறு. அவன் சட்டத்தைக் கழற்றி இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தான். ஊடை நூல் சுற்றிய தார் எங்கே உட்காரும், இழை எந்தத் துளை வழியாக வெளியே வரும் என்று காட்டினேன்.

இந்த வைகாசியில் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். சோபாக்களைத் தூக்கித் திண்ணையில் போட்டோம். கண்ணாடி மேசை மாடிக்குப் போனது. பரணிலிருந்து பாய்கள் இறங்கின. பெண்கள் உள்ளே வந்து உட்கார ஆரம்பித்ததும் கவனித்தேன்: வயதானவர்கள் ஒவ்வொருவரும் நேராகப் போய் ஏதோ ஒரு சுவரில் சாய்ந்துகொண்டார்கள், நடுவில் பிள்ளைகள். கிழக்குப் பாதியில், குழி இருந்த இடத்தில், கொஞ்ச நேரம் யாருமே உட்காரவில்லை. பிறகு சின்னப் பெண்கள் அங்கே நிரம்பினார்கள். தெருவே வந்திருந்தது, எல்லோருக்கும் இடம் இருந்தது. முழங்கால் முடியாதவர்களுக்கு ஓரமாக நாற்காலிகள் போட்டிருந்தோம். அவர்களையும் சேர்த்து வட்டமாகவே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அண்ணனிடம் துணிந்து சொன்னேன். கூடம் நம்முடையது, ஒளிபரப்புக்காரர்களுடையது இல்லை. உட்காருகிற ஆட்களை வைத்து அறையை ஒழுங்குபண்ணு, பார்க்கிற திசையை வைத்து வேண்டாம். தறி திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு உழைக்கிற கால்களும் அதற்கேற்ற கூலியும் இல்லாமல் அதைக் கேட்பது நியாயமில்லை. ஆனால் தறி இருந்தபோது அந்த அறைக்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலையைச் சுற்றி மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். அதையாவது திரும்பக் கொண்டுவரலாம். திருபுவனத்துப் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தத் தறிகளில் ஒன்றில் அப்பாவின் ஜக்கார்டு பெட்டி இன்னும் ஓடுகிறது என்று அண்ணனே விசாரித்து வந்து சொன்னான். அதில் நெய்த புடவை ஒன்றை மகளுக்கு எடுத்திருக்கிறான்.

ஆடியில் ஆசாரி வருகிறார். ஃபால்ஸ் சீலிங்கில் கண்ணாடி ஓடுகளுக்கு நேர்கீழே இருக்கும் பகுதியை மட்டும் திறந்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. பெரிய சோபா மேற்குச் சுவரோடு போகும், அம்மாவுக்காக. மற்ற இரண்டும் அக்கா வீட்டுக்கு. வடக்குச் சுவரோரம் அகலமாகத் தாழ்ந்த திண்ணை ஒன்று, பாய் போட. தாத்தா, பாட்டி, அப்பா படங்களுக்குப் பழையபடி இரண்டு ஆணியும் கயிறும். அண்ணியும் சரி என்றுவிட்டார். டிவி எந்தச் சுவரில் என்பதுதான் இன்னும் பேச்சில் இருக்கிறது.